சாம்பல் தின்ற அகேயோ

கென்யாவின் ருசிங்கா தீவில் எரிமலைக்கு யாரும் பயப்படுவதில்லை. அது செத்து ஒரு கோடியே எண்பது லட்சம் வருஷம் ஆகிறது என்பார் நைரோபியிலிருந்து பாறை ஆராய வந்த டாக்டர் சியோம்புவா அம்மாள். செத்ததற்கு இத்தனை நாள் கழித்தா கருமாதி என்று தீவுக்காரர்கள் கேட்பார்கள். அகேயோவுக்கு அந்தக் கருமாதியில்தான் ஆறு வருஷமாகச் சம்பளம்.

வேலை எளிது. ஏரிக்கரைக் குன்றில் தீவுக்காரன் ஒபுயா குழி வெட்டுவான். பழுப்பு மண்பாறைக்கு நடுவே விரல் கனத்தில் வெள்ளையாக ஒரு வரி ஓடும். என்றோ மலை வெடித்தபோது வந்து படிந்த சாம்பல். அவன் அதைப் பெயர்த்துக் கொடுத்தால், அகேயோ கூடார நிழலில் உட்கார்ந்து வெயில் பட்ட மேல்தோலைச் சீவிவிட்டு, உள்கட்டியைத் துணியில் சுற்றிப் பையில் போடுவாள். நைரோபியில் அதைப் பொடித்து, என்னென்ன உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். ஒரே குழம்பை இரண்டு பேர் வைத்தால் கைமணம் மாறுகிறதல்லவா, அதுபோல ஒவ்வொரு வெடிப்பின் சாம்பலுக்கும் தனிக் கைமணம் உண்டு. இந்தக் குன்றின் சாம்பலும் தீவின் மறுபக்கக் குன்றின் சாம்பலும் ஒரே அடுப்பில் வெந்தவையா என்பதுதான் சியோம்புவாவின் கேள்வி. சுற்றியிருந்ததை எல்லாம் கொன்றுபோட்ட மலை, கொன்றதை எல்லாம் பத்திரமாகப் போர்த்தியும் வைத்திருந்தது. நல்லதா கெட்டதா என்று அதைப் பற்றி ஒரு முடிவுக்கு வருவது கடினம்.

அந்த வருஷம் மழை ஓய்ந்ததும் அகேயோவுக்கு மண்ணை நினைத்து வாய் ஊற ஆரம்பித்தது. மசக்கைக்காரி வெள்ளைக் கல் தின்பது அங்கே அதிசயமில்லை. சந்தையில் கருவாட்டுக்குப் பக்கத்திலேயே குவித்து விற்பார்கள். சிக்கல் வேறு. ஒரு பெண் அதை வாங்கிய அன்று மாலையே கரை முழுவதும் மாதக் கணக்கு தொடங்கிவிடும். அகேயோவுக்கு இரண்டு முறை அப்படி எண்ணினார்கள். இரண்டு முறையும் கணக்கு பாதியில் நின்றது. ஆகவே இந்த முறை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கணவன் ஒடேராவிடம்கூட இல்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் ஜாடையாகத்தான்.

முதலில் சீவிப் போட்ட தூளைத் தின்றாள். குப்பைதானே. நாக்கில் வைத்ததும் அது ஒட்டிக்கொண்டு ஈரத்தை உறிஞ்சும். பிறகு முதல் மழையின் வாசனை தொண்டைக்குள் இறங்கும்.

ஒரு மதியம் ஏரியின்மேல் ஈக்கூட்டம் கரும்புகையாக எழுந்து தூண் தூணாய் நின்றது. அகேயோ அதைப் பார்த்தபடி இருந்தாள். விழித்திருந்தாளா தூங்கினாளா என்று அவளுக்கே தெரியாது. ஈக்கள் சாம்பலாயின. சாம்பல் சத்தமில்லாமல் விழுந்தது: நீரின்மேல், நாணலின்மேல், இன்னும் பிறக்காத தீவின்மேல். மீன்கள் வாய் திறந்து அதை வாங்கிக்கொண்டன. பெயர் வைக்கப்படாத ஏதோ ஒரு மிருகம் தன் குட்டியை நக்கித் துடைத்தது. நக்க நக்க வெள்ளை விழுந்துகொண்டே இருந்தது. அதற்கு அலுக்கவே இல்லை. அகேயோ பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் விழுந்ததை விரலால் தொட்டு வாயில் வைத்தாள். இனித்தது.

கண் தெளிந்தபோது மடியில் துணி மட்டும் விரிந்து கிடந்தது; அதில் சுற்ற வைத்திருந்த கட்டி இல்லை.

அன்று கிடைத்தது அந்த ஒரே கட்டிதான். அதை எடுத்த கையோடு குழியின் சுவர் சரிந்து வரியை மூடிவிட்டிருந்தது.

மறுநாள் காலையில் சியோம்புவா பைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒபுயாவைக் கூப்பிட்டார்.

"கல்லு எங்க?"

"அலேகோ மகள்கிட்டதான் குடுத்தேன், டாக்டர்." அகேயோ அலேகோவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், தீவில் அதுவே அவள் பெயராகிவிட்டது.

"போன வருஷம் அளவுகோல ஏரில போட்டதும் நீதான்."

"அது கை நழுவுனது. இத வச்சு நான் என்ன பண்ணப் போறேன்? கல்லக் கட்டிக்கிட்டா குடும்பம் நடத்துவேன்?"

"பேச்சுக்கு மட்டும் குறைச்சல் இல்ல. திங்கக்கிழமைலருந்து நீ வர வேணாம்."

அகேயோ தண்ணீர்க் குடத்தோடு கூடார வாசலில் நின்றாள். அவள் கையில் ஒரு பொருளும் இதுவரை தவறியதில்லை என்பதால் அவளை யாரும் கேட்கவே இல்லை. நாணயத்துக்கு இப்படியும் ஒரு பலன் உண்டு. வாயைத் திறந்தால் கரையில் எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். திறக்காவிட்டால் ஒபுயாவுக்கு வேலை போகும்; அவன் வீட்டில் எண்ணி முடித்த பிள்ளைகள் நான்கு.

"நான் தின்னுட்டேன்," என்றாள்.

"எத?" என்றார் சியோம்புவா.

"கல்ல. முழுசா."

கேலிக்கு வாய் திறந்த ஒபுயா அப்படியே மூடிக்கொண்டான். அவன் பார்வை அவள் வயிற்றுக்குப் போய், சுட்டதுபோல் ஏரிக்குத் திரும்பியது.

"வயித்துல பூச்சி, டாக்டர்," என்றான் அவசரமாக. "அலேகோக்காரங்க எல்லாருக்குமே உண்டு. மண்ணு, சுவரு, எதக் கண்டாலும் நக்குவாங்க. பாவம்னுதான் அங்க பொண்ணு எடுத்தோம்."

"உங்க தீவுல நக்குறதுக்கு மீன் முள்ளத் தவிர வேற என்ன கெடக்கு?" என்றாள் அகேயோ, பழக்கதோஷத்தில். குடம் இன்னும் இடுப்பில்தான் இருந்தது.

சியோம்புவா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கம்பா இனத்துப் பெண். அவர் ஊரில் மசக்கைக்காரிகள் புற்றுமண் தின்பார்கள்.

"பூச்சிதானா? சரி. அதுக்குன்னு மாத்திரை கீத்திரை போட்டுடாத. குடத்தக் கீழ வை. இனிமே பாரம் தூக்காத. இந்தக் கல்லையும் வாயில வைக்காத, அந்த மலை என்னென்ன விஷத்தக் கக்கிருக்குன்னு எனக்கே இன்னும் தெரியாது." பிறகு ஒபுயாவிடம், "நீ என்ன வேடிக்கை? போய் வெட்டு" என்றார்.

ஒபுயா அலேகோ வம்சத்தையே திட்டிக்கொண்டு சரிவைத் தோண்டினான். உள்ளே வெள்ளை வரி மறுபடி கிடைத்தது.

அந்தச் சனிக்கிழமை சியோம்புவா தானே சந்தைக்குப் போனார். இருப்பவர்களிலேயே வாய் நீளமான வியாபாரியிடம் ஒரு கூடை வெள்ளைக் கல் வாங்கினார். பொழுது சாய்வதற்குள், நைரோபி டாக்டர், ஐம்பத்திரண்டு வயதுக் கன்னி, கர்ப்பம் என்று தீவு முழுவதும் தெரிந்துபோயிற்று. தகப்பன் ஜீப் டிரைவர் என்றது ஒரு கட்சி. செத்த மலைதான் என்றது இன்னொரு கட்சி. எதற்கும் ஆதாரம் கேட்கிற அந்த அம்மாள், இதற்கு மட்டும் ஒரு மறுப்பும் சொல்லாமல், வாழ்த்தியவர்களுக்கெல்லாம் தலையசைத்தார்.

"உங்க டாக்டருக்கு மூணாம் மாசமாமே?" என்றான் ஒடேரா, சோளக்களியைப் பிட்டுக்கொண்டே.

"அப்படியா? தின்னுங்க, ஆறுது."

கரை முழுவதும் இன்னொருத்தியின் மாதங்களை எண்ணிக்கொண்டிருந்தது. அகேயோவின் மாதங்கள் யார் கண்ணிலும் படாமல், சத்தமில்லாமல், ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்துகொண்டிருந்தன.