பழசை அழிக்கும் வரி

அன்று கடையில் இருந்தவர்கள்: நான். ஆல்பம் வேலை பார்க்கும் என் மனைவி. கிணத்துக்கடவிலிருந்து பஸ் ஏறி வந்த போதகர். அவருடைய மனைவி.

கடை காந்திபுரத்தில், மாடியில். கல்யாண வீடியோதான் தொழில். நான் எட்டாவது வரை படித்தவன். கம்ப்யூட்டர் கைப்பழக்கம்.

போதகருக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகியிருந்தது. குரல் முழுதாகப் போய்விட்டது. காது கேட்கும். பதிலைச் சின்ன நோட்டில் எழுதுவார். அவர் குரல் மிச்சம் இருந்தது ஒரு ஹார்ட் டிஸ்க்கில் மட்டும். தொண்ணூற்று நான்கு ஞாயிறு, தொண்ணூற்று நான்கு பிரசங்கம்.

"இது ஒண்ணுதானுங்க. வேற காப்பி இல்லீங்க" என்று அவர் மனைவி இரண்டு கையாலும் கொடுத்தார்.

சபையில் இரண்டு கேமரா. முன்னால் இருந்ததில் குரல் தெளிவு. ஆனால் விளக்கு வெளிச்சத்தில் படம் முழுக்கக் கோடு ஓடியது. மேலே மாடத்தில் இருந்ததில் படம் நல்ல படம். பக்கத்திலேயே ஃபேன் சுற்றியதால் சத்தம் மட்டும் வெறும் இரைச்சல். இரண்டும் ஒரே பட்டனில் ஓடத் தொடங்குபவை. முன் கேமரா கோப்பில் படத்தை எடுத்துவிட்டு மாடத்துப் படத்தை வைக்க வேண்டும். குரலைத் தொடக் கூடாது. அவ்வளவுதான் வேலை.

ஒன்றைக் கையால் செய்து காட்டினேன். நல்ல படம், நல்ல குரல். போதகர் தலையசைத்தார்.

மீதி எல்லாம் தானாக ஓடட்டும் என்று கம்ப்யூட்டரில் கறுப்பு ஜன்னலைத் திறந்து கட்டளை எழுதினேன்.

"அந்தக் கறுப்பு ஜன்னலத் தொறந்துபோட்டா எங்கூட்டுக்காரருக்கு கலெக்டர் நெனப்பு வந்துருமுங்க" என்றாள் என் மனைவி.

போதகரின் மனைவி சிரித்தார். "முப்பது வருசமா இவரு பிரசங்கம் பண்ண, நான் முன் பெஞ்சுல தூங்குனேன் அம்மணி. இப்ப ஊடே சத்தமில்லாம கெடக்குது. ஒரு பொட்டுத் தூக்கம் வர்றதில்ல."

போதகரும் சிரித்தார். சத்தம் வரவில்லை.

டிஸ்க்கில் இடம் குறைவு. முகூர்த்த மாதங்களில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு கல்யாணம் முடிந்ததும் பழசை அழித்தால்தான் அடுத்ததற்கு இடம் கிடைக்கும். யோசிக்காமல் அதே வரியை இங்கேயும் சேர்த்தேன். புதுக் கோப்பு வந்ததும் முன் கேமராவின் பழசை அழி.

ஓடவிட்டேன். ஒரு கோப்புக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. டீ வந்தது. குடித்தோம்.

என் மனைவி சும்மா இருக்கமாட்டாமல் ஒரு புதுக் கோப்பைத் திறந்து ஹெட்போன் போட்டாள். முகம் மாறியது.

"ஏனுங்க, ஃபேன் சத்தம் வருதுங்க."

"மாடத்துக் கோப்பத் தொறந்திருப்ப."

"இல்லீங்க. படத்துல கோடு ஓடுது பாருங்க."

கோடும் இருந்தது. இரைச்சலும் இருந்தது. வேண்டாத இரண்டும் சேர்ந்திருந்தன.

"அப்ப பழசு எங்கீங்க?" என்றாள்.

கன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தினேன். ஓட்டம் நின்றது. அதற்குள் பதினொரு கோப்பு முடிந்திருந்தது.

வரியைப் படித்தேன். முதல் கோப்பில் குரல், இரண்டாவதில் படம் என்று எழுதியிருந்தேன். ஆனால் மாடத்துக் கோப்பின் பெயரை முதலிலும் முன் கேமரா கோப்பின் பெயரை இரண்டாவதாகவும் மாற்றிப் போட்டிருந்தேன். தப்பு என்னுடையது.

சொன்னேன். மறைக்கவில்லை.

போதகர் நோட்டில் எழுதிக் காட்டினார். "படமா? குரலா?"

"குரலுங்கய்யா."

பேனாவை மூடினார். அவர் மனைவி டீ டம்ளரைக் கீழே வைக்க இடம் தேடி, கையிலேயே வைத்துக்கொண்டார்.

அழித்தது உடனே போய்விடாது. அதே இடத்தில் புதுசு எழுதப்பட்டால்தான் போகும். ஆனால் புதுக் கோப்புகளும் அதே டிஸ்க்கில்தான் எழுதப்பட்டிருந்தன. டிஸ்க்கைக் கழற்றி என் மனைவியின் கம்ப்யூட்டரில் மாட்டினேன். மீட்கும் சாஃப்ட்வேரை ஓடவிட்டேன். காலை பதினொரு மணி. மதியம் ஆகியும் யாரும் சாப்பிடப் போகவில்லை.

"நீங்க போயிட்டு நாளைக்கு வாங்கம்மா" என்றேன்.

"இருக்கறோமுங்க" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

மூன்று மணிக்குத்தான் முடிந்தது. பதினொரு கோப்புப் பெயரும் திரும்பி வந்திருந்தன. என் மனைவி கும்பிட்டாள். பெயர் வந்தால் போதாது என்று எனக்குத் தெரியும். உள்ளே குரல் இருக்க வேண்டும்.

போதகர் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார். நான் ஒவ்வொன்றாகத் திறந்தேன். குரல் கேட்டால் விரலைத் தூக்குவார். முதலாவதற்குத் தூக்கினார். இரண்டாவதற்கும் தூக்கினார். மூன்றாவதில் கை மடியிலேயே இருந்தது. கடைசிவரை ஓட்டிப் பார்த்தேன். கை எழவில்லை.

பதினொன்றும் ஆனது. அவர் ஹெட்போனைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். நல்லபடி வந்த ஒன்றை அவருக்காகத் திரும்ப ஓட்டினேன். அந்த அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தன போச்சுங்க?" என்று கண் திறக்காமலே கேட்டார்.

போதகரின் நோட்டை வாங்கி எழுதினேன்.

நான்கு.