ஒன்பதாம் ஷரத்து

ஒரு வாடகை ஒப்பந்தத்தை நானே எழுதி, அதை ஒருநாளும் முழுதாகப் படிக்காமல், ஏழு வருஷம் ஊருக்கெல்லாம் அதைப் பற்றிப் பாடம் நடத்தியவன் நான். இதை ஒப்புக்கொள்ள இப்போது கூச்சம் இல்லை. நான் சொல்லாவிட்டால் என் மனைவி சொல்லிவிடுகிறாள்.

மாவட்டம் புதிதாகப் பிரிந்து, ஆபீஸ்கள் ஒவ்வொன்றாகத் திருவண்ணாமலைக்கு வந்துகொண்டிருந்த சமயம். பழைய ஃபைல்களோடு நானும் மாற்றலாகி வந்தேன். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு வீடு கிடைத்தது. வீட்டுக்காரர் அடி அண்ணாமலையில் வேர்க்கடலை போடுகிறவர். என் வயதுதான் இருக்கும். அதிகம் பேசமாட்டார்.

அந்தத் தெருவில் ஒரு பயம் இருந்தது. குளிர்காலத்தில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குவார்கள். அவர்களுக்கு விடுவதற்காக நம்மைப் போன்ற குடித்தனங்களைத் திடீரென்று காலி பண்ணச் சொல்லிவிடுவார்கள் என்று. மற்றவர்கள் பயந்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். சட்டப் புத்தகங்களைத் தொடர்கதை மாதிரி படிக்கும் வியாதி எனக்கு இருந்ததால், நான் எழுத உட்கார்ந்தேன். பத்திரம் எழுதுபவரிடம் வழக்கமான வாசகத்தை டைப் அடிக்கச் சொல்லிவிட்டு, ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வது பற்றிய ஒன்பதாம் ஷரத்தை மட்டும் என் கைப்பட எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பாராட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அதன் சாரம் இது. எழுத்து மூலமாக முழுதாக மூன்று தமிழ் மாதம் முன்னறிவிப்புத் தர வேண்டும். ஆடி, புரட்டாசி, மார்கழி, பங்குனி ஆகிய மாதங்கள் அந்தக் கணக்கில் சேராது. தீபத்துக்கு ஊர் நிரம்பி வழியும் கார்த்திகையும் சேராது. அந்த ஐந்து மாதங்களிலும் வீட்டைக் காலி செய்யவும் கூடாது. மீறுகிறவருக்கு அட்வான்ஸ் பணத்தில் உரிமை கிடையாது.

வீட்டுக்காரரை நாற்காலியில் உட்காரவைத்து, ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டினேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“இது ரெண்டு பேருக்கும்தானே சார்?”

சட்டம் என்றால் இருதரப்புக்கும் பொது என்று பெருந்தன்மையோடு சொன்னேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

பிறகு ஏழு வருஷம். யாரும் எங்களைக் காலி பண்ணச் சொல்லவில்லை. எல்லாம் ஒன்பதாம் ஷரத்தின் மகிமை என்று ஆபீஸ் டீ இடைவேளையில் சொல்லிச் சொல்லி, மற்றவர்கள் என்னைக் கண்டாலே கிளாஸை எடுத்துக்கொண்டு நகர்கிற அளவுக்கு ஆகிவிட்டது. வீட்டுக்காரர் மட்டும் மாதாமாதம் வருவார். வாடகையை வாங்கிக்கொண்டு, மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுப்பார். கரண்ட் இணைப்புக்கு மனு, நிலத்தை அளக்க மனு, கடைசியாகப் பட்டா பெயர் மாற்றத்துக்கு மனு. எழுதிக் கொடுப்பேன். என் தமிழ்நடையை மெச்ச அந்த மாவட்டத்தில் இருந்த ஒரே ஆள் அவர்தான்.

இதற்கிடையே வேங்கிக்காலில் ஒரு மனை வாங்கி, லோன் போட்டு, ஒருவழியாக வீடு எழும்பிவிட்டது. தை மாதக் கடைசியில் கிரகப்பிரவேசம் என்று என் மனைவி நாள் குறித்துவிட்டாள். பாக்கி இருந்தது தலைவாசல் கதவு ஒன்றுதான். அது ஆசாரியின் பட்டறையில் தயாராக நின்றது. வாடகை வீட்டு அட்வான்ஸ் திரும்பி வந்ததும் அதை எடுத்து வருவதாக ஏற்பாடு.

ஐப்பசி முதல் தேதி முன்னறிவிப்புக் கொடுத்தேன். என் ஷரத்துக்கு நானே மரியாதை செய்கிற பெருமிதம். சேராத மாதங்கள் வீட்டுக்காரரைக் கட்டிப்போடத்தான் என்ற நினைப்பில், தையில் கிளம்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். வீட்டுக்காரர் அதை வாங்கிப் படித்துவிட்டு விரலை மடக்க ஆரம்பித்தார்.

“ஐப்பசி ஒண்ணு. கார்த்திகை சேராதுன்னு எழுதியிருக்கீங்க. மார்கழியும் சேராது. தை ரெண்டு, மாசி மூணு. பங்குனியில காலி பண்ணக் கூடாது.” சுண்டுவிரலை விட்டார். “சித்திரையில போலாம் சார். அதுக்குள்ள பட்டாவும் வந்துடும்.”

குரலில் துளி கிண்டல் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. முன்னால் போனால் அட்வான்ஸ் போகும். அட்வான்ஸ் போனால் கதவு இல்லை. கதவில்லாத வீட்டில் கிரகப்பிரவேசம் செய்தவர்கள் யாராவது உண்டா என்று நான் நிஜமாகவே யோசித்தேன்.

“பசு மாட்டை உள்ள கூட்டிட்டுப் போகக் கதவு எதுக்குனு கேட்பீங்க போல இருக்கு,” என்றாள் என் மனைவி. “அந்தப் பேப்பரை எடுங்க, நான் பாக்குறேன்.”

நீ பார்த்து என்ன ஆகப்போகிறது, எழுதியதே நான்தான் என்றேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்தின் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். ஏழு வருஷத்தில் அந்தப் பக்கத்தை எங்கள் வீட்டில் யாரும் படித்ததில்லை. நான் எப்போது எடுத்தாலும் நேரே ஒன்பதாம் ஷரத்துக்குத்தான் போவேன்.

மூன்றாவது வரியிலேயே நிறுத்திவிட்டாள்.

“பதினோரு மாசத்துக்குனு போட்டிருக்கே. அது முடிஞ்சு ஆறு வருஷம் ஆகுதே?”

மறுநாளே பத்திரம் எழுதுபவரிடம் போனேன். அவர் டைப்ரைட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். பத்திரம் பதினோரு மாதத்தோடு தீர்ந்தது; அதற்குப் பிறகு வாடகையை வாங்கிக்கொண்டே இருந்தால் அது மாதக் குடித்தனம்; பதினைந்து நாள் முன்னறிவிப்பு, வாடகை மாதம் முடிகிற தேதியில் காலி, அவ்வளவுதான். ஒன்பதாம் ஷரத்து என்ன ஆகும் என்று கேட்டேன். தலையைத் தூக்கி, ஏழு வருஷத்துக்கு முன் பார்த்த அதே பார்வையைப் பார்த்தார்.

ஜனவரிக் கடைசியில் காலி செய்வதாக, நான்கே வரியில் வேறொரு முன்னறிவிப்பு எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதிய மிகச் சின்ன காகிதம் அதுதான். வீட்டுக்காரர் மறுபேச்சு பேசாமல் வாங்கிக்கொண்டு, மறுவாரமே அட்வான்ஸைக் கொண்டுவந்து கொடுத்தார். கதவு வந்தது. பால் நல்லபடியாகப் பொங்கியது. கிளம்புவதற்குள் அவருடைய பட்டா மனுவுக்கு ஒரு நினைவூட்டலும் எழுதிக் கொடுத்திருந்தேன், மூன்று பக்கம்.

கிரகப்பிரவேசத்துக்கு அவரும் வந்திருந்தார். இலையில் பாயசம் ஊற்றும்போது மனம் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டேன். பத்திரம் செத்து ஆறு வருஷம் ஆனது அவருக்குத் தெரியுமா?

தெரியும் என்று தலையாட்டினார். பிறகு ஏன் ஒருநாளும் எங்களைக் காலி பண்ணச் சொல்லவில்லை, எவ்வளவோ வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்களே என்றேன். ஒன்பதாம் ஷரத்துக்கு எங்காவது ஒரு மூலையில் ஒரு நல்ல வார்த்தை கிடைக்காதா என்ற ஆசை.

அவர் பாயசத்தை நிதானமாக வழித்து முடித்தார்.

“வெள்ளைக்காரனுக்கு மனு எழுத வருமா சார்?”