இரண்டு அங்குலம் உயர்ந்த கீழத்தெரு

என் ஏழாம் வகுப்புச் செயல்திட்ட நோட்டின் பதினோராம் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு இருக்கிறது: “நன்று. கீழத்தெருவை இரண்டு அங்குலம் உயர்த்தவும்.” மாதம் செப்டம்பர், ஆண்டு 2006. தேதியின் மேல் பசை கொட்டியிருக்கிறது.

எங்கள் ஊர் குமராட்சிப் பக்கம். கணக்கு, அறிவியல், புவியியல் மூன்றையும் சேர்த்து ஒரே கைவேலையாகச் செய்து வரச் சொன்னார் சார். நான் காகிதக் கூழில் ஊரையே செய்தேன். கொள்ளிடத்தில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் எந்தத் தெரு முதலில் முழுகும் என்று தெரிய வேண்டும். கொத்தனாரான மாமா, மட்டம் பார்க்கும் டியூபில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமை என்னோடு தெருத்தெருவாக அளந்தார். உயரத்துக்கு மட்டும் ஒரு அடிக்கு ஒரு அங்குலம் என்று கணக்கு வைத்தேன். நாங்கள் குடியிருந்த கீழத்தெருதான் எல்லாவற்றிலும் பள்ளம். முந்தின வருட வெள்ளத்தின் கறை எங்கள் சுவரில் அப்படியே இருந்தது.

“மஞ்சக்குப்பத்துல கண்காட்சி. பெரிய ஆபீசருங்கல்லாம் வர்றாங்க. இத பாத்தா பெட்டிஷன் குடுத்த மாதிரி இருக்கும். தெருவ ஏத்திடு” என்றார் சார்.

ஏற்றினேன். என் விரலாலேயே கூழை அப்பிப் பச்சை வண்ணம் அடித்தேன். அவர் மேல் வரும் கோபத்தில் பாதி இன்றும் அந்த விரல்கள் மேல் வருகிறது.

கண்காட்சியில் தண்ணீர் கீழத்தெரு ஓரம்வரை வந்து நின்றது. “உங்க ஊர்ல வெள்ளமே வராது போலருக்கே!” என்று ஓர் அதிகாரி கைதட்டினார். முதல் பரிசாக ஒரு டிபன் பாக்ஸ்.

விஷயம் தெரிந்து மாமா கொதித்தார். “டியூப்பு பொய் சொல்லாது பாப்பா. உங்க சாரு சொல்லுவாரு.”

நடவுச் சேற்றைக் காலிலிருந்து கழுவிக்கொண்டே அம்மா, “விடுடா தம்பி. நம்ம தெருவ காயிதத்துலயாவது ஏத்திட்டாங்களே” என்றாள்.

அது பாராட்டு என்று நினைத்தேன். மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்க அதையே பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

அந்த வருட மழைக்கு மணல் மூட்டைகள் மேலத்தெருவுக்குப் போயின. எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மூட்டைகள் அனுப்புவதற்காக அப்போது போட்ட தாழ்வான தெருக்களின் பட்டியல் நகலை 2012இல்தான் பார்த்தேன். கீழத்தெரு அதில் இல்லை. பட்டியல் போட்டவரும் கைதட்டியவரும் ஒரே ஆள் என்கிறார் மாமா. கையெழுத்து கிறுக்கலாக இருக்கிறது, பெயர் முத்திரை இல்லை. இதுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.