விதை வெங்காயத்துக்குப் போர்த்திய கவர்

அழுகத் தொடங்கும் சின்ன வெங்காயத்தின் வாசம் முதலில் கொஞ்சம் இனிப்பாகத்தான் இருக்கும். மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றம் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வரும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் அதற்கு முந்தியே உருப்படியாகக் கற்றுக்கொண்ட பாடம் இது.

இரண்டாயிரங்களின் நடுவில், பெருமாநல்லூருக்கு வடக்கே எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தோட்டம் இருந்தது. அப்பா வெங்காயம் போடுவார், அம்மா பனியன் கம்பெனிக்குப் போவார். அடுத்த நடவுக்கான விதை வெங்காயத்தை மூட்டை கட்டாமல் "பட்டறை" போட்டு வைப்போம். கல் அடுக்கி, மேலே மூங்கில் பரப்பி, சுற்றிலும் தட்டி கட்டி, நன்றாகக் காய்ந்த வெங்காயத்தைத் தழையை அறுக்காமல் கொட்டித் தென்னங்கீற்று வேய்ந்துவிட்டால், அடியிலும் பக்கத்திலும் காற்று ஓடி மாதக்கணக்கில் கெடாது.

அந்த வருடம் கீற்று இற்றுப்போயிருந்தது, மழையும் வரும்போல இருந்தது. துணி ரோலுக்குச் சுற்றி வரும் பிளாஸ்டிக் கவர்களை அம்மா கம்பெனியில் கேட்டு வாங்கி வந்தார். அப்பா பட்டறையைத் தலை முதல் கால் வரை அதில் போர்த்தி, ஓரமெல்லாம் கல் வைத்து, "எக்ஸ்போர்ட் பேக்கிங் கண்ணு, ஒரு சொட்டு எறங்காது" என்று சிரித்தார்.

எனக்குத்தான் தூக்கம் பிடிக்கவில்லை. கதவைப் பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்பி ஓடிவரும் பிள்ளை நான். தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் கவரைத் தூக்கி உள்ளே கையை விட்டுப் பார்ப்பேன். "செக்கிங் மேடம் வந்துட்டாங்க. பட்டறை பாஸுங்களா மேடம்?" என்பார் அப்பா.

ஒரு மழை பெய்து வெயிலடித்த நாலாம் நாள், உள்ளே விட்ட கை வெதுவெதுப்பும் ஈரமுமாக வெளியே வந்தது. கவரின் உட்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தது. அந்த இனிப்பு வாசமும் இருந்தது.

"அப்பா, வெங்காயம் புழுங்குதுங்க. கவர எடுத்துருங்க."

"மானம் கருத்துக் கெடக்குது பாரு கண்ணு. இப்ப எடுத்தா மொத்தமும் நனையும். உனக்கு எதுக்குத்தான் பயமில்ல?"

அம்மா ஷிப்ட் முடிந்து வரும்வரை அங்கேயே நின்று, வந்ததும் அவர் கையைப் பிடித்து உள்ளே விட்டேன்.

"ஏனுங்க, ஈரத்துணியக் கவருல போட்டாலே பூஞ்சை புடிக்கும். இது உசுருள்ள காயி, மூச்சு உட வேண்டாமுங்களா?"

"கவரு கொண்டாந்தது யாரு?" என்றார் அப்பா, ஆனாலும் கல்லைத் தள்ளிக்கொண்டே.

"நாந்தானுங்க. தலைக்குக் குடையா கொண்டாந்தேன், கோட்டு மாட்டி உடறதுக்கில்லீங்க."

மழைக்கு முன்னால் மொத்தத்தையும் வீட்டுக்குள் வாரிப் பரப்பி, கட்டிலை வெளியே போட்டு, ஃபேனைச் சுழலவிட்டு, தொட்டால் அமுங்குவதையெல்லாம் பொறுக்கி எறிந்தோம். நடுவிலிருந்தது போயிற்று, மீதி பிழைத்தது. பட்டறையை மறுபடி போட்டபோது கவர் கூரைக்கு மட்டும்தான். நடவன்று விதை போதாமல் கடைசி நாலு பாத்தி மட்டும் காலியாகக் கிடந்தது.

இன்று அந்தத் தோட்டத்தில் வெங்காயமும் இல்லை, பட்டறையும் இல்லை, குடோன் நிற்கிறது. நான் கம்பெனியில் பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும் முன் பனியன்களுக்கு நடுவே கையை விட்டுப் பார்ப்பேன். அயர்ன் செய்த சூடு ஆறாமலிருந்தால் பிரித்து ஆறவைக்கச் சொல்வேன். லாரி காத்திருக்கிறது என்று சூப்பர்வைசர் முறைப்பார். காலியாகக் கிடந்த அந்த நாலு பாத்தியை அவர் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன், பிரிக்கத்தான் சொல்வேன்.