நான் பேர் எடுக்கப் போன கதை

ஐந்தாம் வகுப்பில் எங்கள் ரீச்சருக்கு ஒரு சந்தேகம் வந்தது. அதைத் தீர்த்துவைக்கும் பொறுப்பு பத்து வயதுக்காரியான என் தலையில் விழுந்தது. கனடாவின் அல்பேர்ட்டாவிலும் கோதுமை, பக்கத்துச் சஸ்கச்சுவானிலும் கோதுமை, பனியும் ஒன்றுதான். பிறகேன் மாகாணத் தேர்தலில் இரண்டும் இரண்டு பக்கம் சாய்கின்றன? நீங்கள் விட்டு வந்த நாட்டிலும் அருகருகே உள்ள இரண்டு கிராமத்தவரைக் கேட்டு எழுதி வாருங்கள் என்றார்.

எனக்கோ அது மிகச் சுலபம். டோர்செட் பார்க் மாடிக் குடியிருப்பில் நாங்கள் ஐந்தாம் மாடி. அம்மாவின் ஊருக்கும் ஏழாம் மாடி அங்கிளின் ஊருக்கும் நடுவில் ஒரு குளம்தான். வீட்டுப்பாடக் கொப்பியோடு போய் அவர் கதவைத் தட்டினேன்.

“அங்கிள், பேர் எடுக்க வந்திருக்கிறன். நீங்கள் ஊரிலை ஆருக்கு வோட்டுப் போட்டனீங்கள்?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், நடைபாதையின் இரு பக்கமும் பார்த்தார். “ஆர் பிள்ளை உன்னை அனுப்பினது?” என்றவர் பதிலுக்குக் காத்திராமல் கதவைச் சாத்திச் சங்கிலியையும் போட்டார். நான் விடுவேனா? அவர் பெயர், வீட்டு இலக்கம், ‘பதில் சொல்ல மறுத்தார்’ என்ற குறிப்பு, எல்லாவற்றையும் அழகாக எழுதிக்கொண்டு இறங்கினேன்.

கொப்பியைப் பார்த்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அடுப்பை நிறுத்தினாள். ஐந்தாம் மாடியில் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்களோ, யன்னல் சீலையையும் இழுத்து மூடினாள்.

“பேர் எடுக்கிறதெண்டா என்னெண்டு தெரியுமோ உனக்கு? ஊரிலை பேர் எடுத்துக்கொண்டு போனா, பிறகு ஆளைத் தூக்க வருவினம். அந்த மனுசனுக்கு வாற கிழமை அகதி வழக்கு!”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வழக்கு என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. பொலிஸ் வந்து என்னைப் பிடிக்கப் போகிறது என்றே நம்பினேன். கதவு தட்டப்பட்டபோது மேசைக்கடியில் போய் ஒளிந்தேன்.

வந்தவர் அங்கிள்தான். சப்பாத்தும் கழற்றாமல் வாசலிலேயே நின்று, “என்ர பேரை மட்டும் வெட்டிவிடு பிள்ளை,” என்று என்னிடம் கெஞ்சினார். அம்மா தாளையே கிழித்துக் கொடுத்தாள். வீட்டுப்பாடம் போச்சே என்று நான் விம்மி அழுதேன். அதற்கு இரங்கித்தான் அவர் வாய் திறந்தார்.

“எங்கட ஊரிலை வோட்டு நாளண்டு ஆக்கள் துவக்கை நீட்டிக்கொண்டு வந்து விரலைப் பாப்பினம். மை இல்லாட்டி அடி. உங்கட அம்மான்ர ஊரிலை அடுத்த நாள் வேறை ஆக்கள், வேறை துவக்கு. மை இருந்தா...”

“காணும் அண்ணை,” என்று அம்மா அவரை மேலே பேசவிடாமல் நிறுத்தினாள்.

யார் பெயரும் போடாமல் எழுதி முடித்தேன். இரண்டு ஊரும் வேறுபட்டதற்குக் காரணம் மை. ஓர் ஊருக்கு அது பிடிக்கும், மற்றதற்குப் பிடிக்காது. கனடாவில் வோட்டுச் சீட்டில் பென்சிலால்தான் புள்ளடி போடுகிறார்கள், அங்கேயும் எல்லாருக்கும் பென்சில் கொடுத்தால் பிரச்சினை தீரும் என்று ஆலோசனையும் சொன்னேன். ரீச்சர் ஒரு நட்சத்திரம் ஒட்டித் தந்தார்.

ஓடிவந்து அம்மாவிடம் காட்டினேன். அவள் நட்சத்திரத்தைப் பார்க்கவில்லை. எங்காவது ஒரு பெயர் தப்பிக் கிடக்கிறதா என்று வரிவரியாகத் தேடினாள். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். என் எழுத்து அவ்வளவு பிடித்துப்போய்விட்டது என்று நினைத்து, நான் பெருமையோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.