ஹவில்தார் எடுத்த மரியாதை வகுப்பு

செட்டியார்பட்டி உக்கிரபாண்டி பட்டாளத்திலிருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தபோது ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு மீசை, வெளிநாட்டுப் படைகளைப் பற்றிய முழு ஞானம் ஆகிய மூன்றையும் கொண்டுவந்தார். மூன்றாவது சரக்கு, ஒரு வெளிநாட்டுப் படையோடு ராஜஸ்தானில் நடந்த கூட்டுப் பயிற்சியில் கிடைத்தது. பயிற்சிக்கு முன்னால், வெளிநாட்டாரிடம் எப்படிப் பழக வேண்டும் என்று ஓர் அதிகாரி ஒரு காலைப்பொழுது முழுக்க வகுப்பெடுத்தார். அதற்குப் பிறகு உக்கிரபாண்டிக்குச் சாமான் கூடாரத்தில் வேலை. அவர் பார்த்த வெளிநாட்டார், கம்பளி வாங்க வரிசையில் நின்றவர்கள் மட்டும்தான். ஆனால் வகுப்பை மிகக் கவனமாகக் கேட்டிருந்தார்.

இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் செக்யூரிட்டி சூப்பர்வைசராகச் சேர்ந்தபின் அவர் பேச்சு எங்கே தொடங்கினாலும் "நாங்க கூட்டுப் பயிற்சியில இருக்கையில" என்று வந்து நிற்கும். லாரி டிரைவர்கள் பொறுமையாகக் கேட்பார்கள். வாசல் கதவின் சாவி அவரிடம் இருந்தது.

அவருக்கும் ஒரு காலம் வந்தது. அவர் கம்பளி கொடுத்த அதே நாட்டுப் படை, தன் மருத்துவப் பிரிவுக்கு பேண்டேஜ் துணி வாங்க ஆள் அனுப்புவதாகத் தகவல் வந்தது. மேனேஜர் தாமோதர் அவரைக் கூப்பிட்டார்.

"இந்த ஆர்டர் கிடைக்கலேன்னா ரெண்டாம் ஷிப்டை மூடிடறதுன்னு முதலாளி சொல்லிட்டார், ஹவில்தார். அவங்களோட பழகினவர் நீங்க ஒருத்தர்தான். நம்ம ஆளுங்களுக்குச் சொல்லிக்கொடுங்க."

ரெண்டாம் ஷிப்டு முழுக்கப் பெண்கள். அவர்களுக்கு வாயும் தலைவியும் பாண்டிசெல்வி. உக்கிரபாண்டி எல்லாரையும் வரிசையில் நிறுத்தி வகுப்பெடுத்தார்.

"சாப்பிட்டீகளான்னு கேக்கக் கூடாது. கல்யாணம் ஆச்சா, புள்ளைக எத்தனைன்னு கேக்கக் கூடாது. தொடக் கூடாது, ஒரு கை தூரம் தள்ளி நிக்கணும். உத்து உத்துப் பாக்கக் கூடாது. சாப்பாட்டுக்கு ஒரு தடவதான் கூப்பிடணும். அவிய வேண்டாம்னா வேண்டாம்தான்."

"பொறவு என்னதான் பேசுறது அண்ணாச்சி?" என்றாள் பாண்டிசெல்வி.

"பேசாதட்டி. அதான் மரியாதை."

"எழவு வீட்டுலகூட இதவிடக் கொஞ்சம் பேசுவோமே."

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வந்தவர்கள் மூன்று பேர். மேஜர் இங்ரித் என்ற டாக்டரம்மா, மலைபோல ஒரு சார்ஜென்ட், மொழிபெயர்க்க மதுரையிலிருந்து பெலிக்ஸ். மேஜர் சிரித்துக்கொண்டே பெண்கள் பக்கம் போனார். பெண்கள் அத்தனை பேரும் ஒரு கை தூரம் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்தார்கள். வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு, மூன்று தெருவுக்குக் கேட்கும்படி சண்டை போடுகிற பாண்டிசெல்வி "ஆமா" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டாள். உக்கிரபாண்டிக்குப் பெருமை தாங்கவில்லை.

மதியம் இலை போட்டார்கள். "சாப்பிடலாமே" என்றார் தாமோதர். மேஜர் புன்னகையோடு வேண்டாம் என்றார். தாமோதர் மறுபடி வாய் திறக்குமுன் உக்கிரபாண்டி கண்ணைக் காட்டி இலைகளை எடுக்கச் சொல்லிவிட்டார். போகிற இலையை சார்ஜென்ட் பார்த்த பார்வையை அவர் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் வகுப்பில் அதற்குப் பாடம் கிடையாது.

கிளம்பும்போது பெலிக்ஸ் தாமோதரை ஓரமாக அழைத்தார். "இந்தப் பொம்பளைங்களை யாராவது மிரட்டி வச்சிருக்காங்களான்னு மேஜர் கேக்காங்க சார். பயந்து கெடக்கிற எடத்துல அவங்க சரக்கு எடுக்க மாட்டாங்களாம்."

வேன் போய்விட்டது. பரிசு கொடுப்பது தவறு என்று உக்கிரபாண்டி தடுத்து வைத்திருந்த பால்கோவாப் பெட்டியை எடுத்து அவர் கையிலேயே திணித்தார் தாமோதர். "பின்னாடியே போங்க. இதையாவது கொடுத்து, ஏதாவது சொல்லிட்டு வாங்க."

பாண்டிசெல்வி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவரை ஏறிட்டுப் பார்த்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமலிருப்பது முதல்முறையாக அவருக்கு மரியாதையாகத் தெரியவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி, கிருஷ்ணன்கோவில் வரை பைக்கை விரட்டினார். அங்கே காலேஜ் பஸ்களுக்குப் பின்னால், ஒரு பரோட்டாக் கடை வாசலில் வேன் நின்றிருந்தது. உள்ளே மேஜரும் சார்ஜென்ட்டும் சட்டைக் கையை மடித்துவிட்டுப் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பரிமாறுகிறவர் கேட்காமலே அடுத்ததை இலையில் போட்டுவிட்டுப் போனார்.

"வேண்டாம்னு சொன்னாகளே?" என்றார் உக்கிரபாண்டி, நின்றபடியே.

பெலிக்ஸ் மேஜரிடம் கேட்டுச் சொன்னார். "அவங்களுக்கும் ஒரு வகுப்பு நடந்துச்சாம் அண்ணாச்சி. இந்தியாவுல சாப்பிடக் கூப்பிட்டா ரெண்டு தடவை வேண்டாம்னு சொல்லணும், மூணாவது தடவை உக்காரணும், அதான் மரியாதைன்னு. நீங்க ரெண்டாவது தடவையே கேக்கல. தாங்க வந்தது உங்களுக்குப் பிடிக்கலைன்னு நெனச்சிட்டாங்க."

ஆக, அந்த நாட்டிலும் ஓர் உக்கிரபாண்டி இருந்திருக்கிறார். அவர் பாடத்தைச் சரியாக எடுத்திருந்ததுதான் கொடுமை. உக்கிரபாண்டியின் சொந்த மருமகன்கூட மூன்றாவது தடவைக்குத்தான் மாமனார் வீட்டு இலையில் உட்காருவார்.

"அந்தப் பொம்பளைகளை மிரட்டுனது நான்தாம்னு சொல்லுங்க பெலிக்ஸ். அவியளுக்குப் பிடிக்காதுன்னு நெனச்சு அதுக வாயை அடைச்சு வச்சேன். அதுகளுக்கு வேலை போயிரக் கூடாது."

பெலிக்ஸ் அதை மேஜரிடம் சொன்னார். உக்கிரபாண்டி பால்கோவாப் பெட்டியை மேஜர் முன்னால் வைத்துவிட்டு, பரோட்டாத் தட்டைக் கடைக்காரர் கையிலிருந்து வாங்கி சார்ஜென்ட்டிடம் போனார். சார்ஜென்ட் இரண்டு கையாலும் இலையை மறைத்தார். மறைத்த கையைப் பிடித்து விலக்கிவிட்டு இரண்டு பரோட்டாவை வைத்தார் உக்கிரபாண்டி. "இம்புட்டும் திங்காம எப்படிய்யா துப்பாக்கி தூக்குவீரு? கல்யாணம் ஆச்சா?"

மேஜர் வாய்விட்டுச் சிரித்து, பெலிக்ஸிடம் ஏதோ சொன்னார்.

"நாளைக்கு மதியம் மறுபடி கம்பெனிக்கு வாராங்களாம். அந்தப் பெண்களோட உக்காந்து சாப்பிட்டுப் பேசணுமாம்."

உக்கிரபாண்டியின் நெஞ்சு நிமிர்ந்தது. "அதுக்கென்ன, இப்பமே போயி எல்லாத்துக்கும் ஒரு வகுப்பு எடுத்துர்றேன்."

பெலிக்ஸ் தொண்டையைச் செருமினார். "அதான் அண்ணாச்சி, ஒரே ஒரு நிபந்தனை. நாளைக்கு நீங்க லீவு எடுத்துக்கணுமாம்."