மணியடிப்பவரின் சம்மதம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் அரியமங்கலம் பக்கம் ஒரு மாதா கோயிலில் எனக்குக் கல்யாணம். அங்கே மணியடிப்பவர் ஒல்லி. சட்டையைக் கழுத்துவரை பித்தான் போட்டிருப்பார். அன்று காலை அவரிடம் புலம்பினேன்.

"ஆண்டவர் முன்னாடி, சாகுற வரைக்கும்னு வாக்குக் கொடுக்கணும். பயமா இருக்குங்க."

"ஒரு தடவை சொன்னாப் போதுமா மாப்பிள்ளே? இங்க நடக்கிற ஒவ்வொரு கல்யாணத்துலயும் நான் எம் பொஞ்சாதிக்கு மறுபடியும் சொல்லிக்குவேன்."

பாதிரியார், "சம்மதமா?" என்றபோது என் நாக்கு ஒட்டிக்கொண்டது. வழக்கமாக மாப்பிள்ளையின் குரலில் அமுங்கிவிடும் மணியடிப்பவரின் பதில், கோயிலின் கடைசியிலிருந்து கணீரென்று கேட்டது:

"முழு மனசோட சம்மதம்!"

பெண்கள் பக்கம் அவர் மனைவி, "ஐயோ, மானம் போவுது!" என்று முக்காட்டை இழுத்துக்கொண்டார். கோயிலே சிரித்தது. சிரிப்போடு சிரிப்பாக நானும் சொல்லிவிட்டேன்.

இன்றும் கல்யாணங்களுக்குக் கிளம்பும்போது என் மனைவி எச்சரிக்கிறாள்: "மெதுவாச் சொல்லுங்க, எனக்குக் கேட்டாப் போதும்."